சுங்க அதிகாரி காணவில்லை

ஜூன் 10, திங்கள்

இந்திராணியின் மகள் பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். தாயைப் பார்த்தோமா, போனோமா என்று இருந்திருக்கலாம். பொது அறை மேசையில் ஒரு பெட்டியை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். 'துறைமுகம்' விளையாட்டுக்கு எக்ஸ்பான்ஷனாம், கூடுதல் விதிகளும் காய்களும்.

'துறைமுகம்' என்னுடையது. என் வீட்டுக்காரர் ஞானம் ஓய்வு பெற்ற வருடம் அவருடைய தம்பி மகன் அனுப்பினான். பலகையில் ஒரு கடல், பதினான்கு துறைமுகங்கள். கப்பலில் சரக்கு ஏற்றிப் போய் இறக்கி, துறைமுகங்களைப் பிடிக்க வேண்டும். பகடை கிடையாது. எல்லோருடைய சரக்கும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். யோசிக்கத் தெரிந்தவர் ஜெயிப்பார். நானும் அவரும் பதினோரு வருடம் ஆடினோம். அவர் போன பிறகு, நான்கு வருடம் முன் வடவள்ளிக்குப் பக்கத்திலிருக்கும் இந்த ஓய்வுக் குடியிருப்புக்கு வந்தபோது, என்னோடு வந்த நான்கு பெட்டிகளில் அது ஒன்று. இங்கே இந்திராணி, டாக்டர் பொன்னுசாமி, ரகோத்தமன் மூன்று பேருக்கும் கற்றுக் கொடுத்தேன். தினமும் நான்கு மணிக்கு ஆடுகிறோம். பெரும்பாலும் நான் ஜெயிக்கிறேன்.

புதுப் பெட்டியின் பெயர் 'கள்ளச்சரக்கு'. விதிகளைப் படித்தேன். சரக்கை மூடிய பெட்டிக்குள் வைத்து, உள்ளே இருப்பது என்ன என்று சொல்ல வேண்டும். பொய் சொல்லலாம். ஒவ்வொரு சுற்றிலும் ஒருவர் சுங்க அதிகாரி. அவர் "திற" என்று சொல்லி, உள்ளே பொய் இருந்தால் ஒரு துறைமுகம் போகும். அவர் கேட்பதற்கு முன் நாமே திறந்தால் சரக்கு மட்டும் போகும், துறைமுகம் தப்பும். அதிகாரிக்கு லஞ்சமும் கொடுக்கலாம். அதற்குத் தனிப் பக்கம், படத்தோடு.

ஞானம் தூத்துக்குடி சுங்கத்துறையில் முப்பத்தொரு வருடம் இருந்தார். ஆபீஸ் பென்சிலைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை.

அதிகாரிக்கு ஒரு ஈயப் பொம்மை. தொப்பி, தொப்பை. இடது கை முதுகுக்குப் பின்னால் விரிந்திருக்கிறது, காசு வாங்க. அதைத் தொட்ட கையைக் கழுவினேன்.

ஜூன் 11, செவ்வாய்

மூன்று பேருக்கும் புதுப் பெட்டிதான் வேண்டுமாம். "இதுல ஆழம் ஜாஸ்தி ஹில்டாக்கா" என்றாள் இந்திராணி. ஆழம்! சாக்கடைக்கும் ஆழம் உண்டு.

இந்திராணி டீயில் பன்னை முக்கித் தின்றுவிட்டு அதே விரலால் அட்டைகளைத் தொடுகிறாள்.

என் முறை வந்தது. பெட்டியில் வைத்திருந்தது அபின். "அரிசி" என்றேன். விளையாட்டில் சொல்வதுதானே, அதில் பாவமில்லை. உடனே இந்திராணி, "காது செவந்துடுச்சு! அக்காவுக்குக் காது செவந்துடுச்சு! திறங்க, திறங்க" என்று கை தட்டினாள். மூன்று முறையும் இதே கதை. கடைசி இடம். கடைசி இடத்தில் நான் வந்தது இதுவே முதல் தடவை.

ஜூன் 12, புதன்

குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. பிளம்பர் வருவதாகச் சொல்லி வரவில்லை. நான்கு மணிக்குத் தலைவலி என்று சொல்லி அனுப்பினேன். அவர்கள் சிரிப்பது என் ஜன்னல் வரை கேட்டது.

ஜூன் 13, வியாழன்

இன்று போனேன். போயிருக்க வேண்டியதில்லை.

பலகையில் பெயரில்லாத துறைமுகம் ஒன்று உண்டு. அதன் பக்கத்தில் ஞானம் பென்சிலால் 'தூத்துக்குடி' என்று எழுதியிருக்கிறார். யார் எதைப் பிடித்தாலும் அது எனக்கு என்பது இந்த மேசையில் பேசி வைத்தது போல. இன்று நான் சுங்க அதிகாரி. இந்திராணி என் கண்ணைப் பார்த்து, "உப்பு அக்கா, வெறும் உப்பு" என்றாள். நம்பினேன். உள்ளே தங்கக் கட்டிகள். அந்தப் பலத்தில் தூத்துக்குடியைப் பிடித்துவிட்டாள்.

"நீங்க லஞ்சம் கேட்டிருக்கோணும் ஹில்டாம்மா" என்றார் டாக்டர் பொன்னுசாமி. மாட்டு டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எதற்கெடுத்தாலும் கிண்டல். "சுங்கத்துல இருந்தவிய ஊட்டு அம்மாவுக்கு இது தெரியாதுங்களா? அய்யா பொட்டி பொட்டியா கொண்டாந்து போட்டிருப்பாரே."

எல்லோரும் சிரித்தார்கள். குடியிருப்புச் சங்கச் செயலாளர் ரகோத்தமன், எப்போதும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்பவர், அவரும் சிரித்தார்.

அவர்கள் கிளம்பியபின் வழக்கம்போல் காய்களை எண்ணி அடுக்கினேன். மூடியின் உள்ளே நான் ஒட்டியிருக்கும் தாளில் தேதி போட்டு, 'எண்ணினேன், சரி' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். தையல் வகுப்பில் சிஸ்டர் பிலிப்பா ஊசிகளை இப்படித்தான் எண்ணி வாங்குவார்.

கட்டிப் பெருங்காய டப்பாவின் மூடி இறுக்கமாக இல்லை. ரப்பர் பேண்ட் போட்டேன்.

ஜூன் 14, வெள்ளி

பொம்மையைக் காணவில்லை என்று நான்கு மணிக்கு ஒரே களேபரம். சோபாவுக்கு அடியில், கம்பளத்துக்கு அடியில் தேடினார்கள். நானும் தேடினேன்.

பொம்மை இல்லாவிட்டால் பழைய ஆட்டத்துக்குத் திரும்புவார்கள் என்று யாராயிருந்தாலும் எதிர்பார்ப்பார்கள். டாக்டர் உணவறைக்குப் போய் மிளகுத்தூள் குப்பியை எடுத்துவந்து மேசையில் வைத்தார். "இவருதானுங்க புது அதிகாரி. தும்முனா பொட்டியத் தொறக்கோணும்." அவ்வளவுதான். ஆட்டம் நடந்தது. எனக்கு மறுபடியும் கடைசி இடம்.

ஜூன் 15, சனி

ரகோத்தமனுக்கு வேலை வேண்டும். போன மாதம் யாருடையதோ வெள்ளி ஸ்பூன் போனது, அதற்கு முன்னால் ஒரு டார்ச் லைட், இப்போது இது, மூன்றையும் விசாரிக்கப் போகிறேன் என்றார். இந்திராணி கண் கலங்கினாள். மகள் வாங்கித் தந்ததாம். ஈயப் பொம்மைக்கு அழும் ஒரு பெண்பிள்ளையை நான் பார்த்ததில்லை.

ரகோத்தமன் பெட்டியைத் திறந்து என் தாளைப் படித்தார். "பதிமூணாம் தேதி சாயங்காலம் மேடம் எண்ணிக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. அப்போ இருந்திருக்கு. இல்லையா மேடம்?"

"கையெழுத்து என்னுடையதுதான்" என்றேன்.

"மேடம் போட்டா அது போட்டதுதான். அப்புறம் யார் அந்த ரூமுக்குள்ள போனா? காலம்பர ஆறு மணிக்குப் பெருக்க வர்றவ. சாவி அவகிட்டதான் இருக்கு."

மயிலாத்தாளைச் சொல்கிறார். பொது அறையையும் எங்கள் வரிசை வீடுகளையும் பெருக்குபவள். ஐம்பது வயதிருக்கும். மத்தியானம் உணவறையில் பாத்திரமும் கழுவுகிறாள்.

"அவ எதுக்கு இதை எடுக்கணும்?" என்றேன்.

"பேரனுக்கு விளையாடக் குடுத்திருப்பா. நீங்க ரொம்ப நல்லவங்க மேடம், உங்களுக்கு இதெல்லாம் தோணாது."

மூக்கை உறிஞ்சினார். காற்று அதிகமாக இருந்ததால் மஃப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 16, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நீளம். திரும்பிவிட்டேன்.

ஜூன் 17, திங்கள்

மயிலாத்தாள் என் வீட்டைச் சுத்தம் செய்ய வந்தாள். முகம் வாடியிருந்தது, வேலையில் குறையில்லை. சமையலறை அலமாரியை டப்பா டப்பாவாக எடுத்துத் துடைத்தாள். போன பிறகு பார்த்தால், பெருங்காய டப்பாவைச் சுற்றி மட்டும் வளையமாகத் தூசி. மாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவளை மறுபடி கூப்பிட்டேன்.

"இதென்ன அரைகுறை வேலை? இந்த டப்பாவை ஏன் எடுத்துத் துடைக்கலை?"

"அத மட்டும் நாந் தொடலீங்கம்மா."

"ஏன்?"

"இருக்கறது இருந்தபடியே இருக்கட்டுமுங்."

துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இவர்களுக்கு ஒரு வேலையை முழுதாகச் செய்து பழக்கமே இல்லை.

ஜூன் 18, செவ்வாய்

பிளம்பர் வந்தான். குழாய் இன்னும் ஒழுகுகிறது.

பொது அறைச் சாவியை மயிலாத்தாளிடமிருந்து வாங்கிவிட்டார்கள். அவளை அனுப்பிய ஏஜென்சிக்குப் புகார் எழுதப் போவதாக ரகோத்தமன் சொன்னார். புகார் போனால் இங்கே மட்டுமல்ல, வேறு எந்தக் குடியிருப்புக்கும் அந்த ஏஜென்சி அவளை அனுப்பாது.

"பொருள் தானா கிடைச்சிட்டா?" என்று கேட்டேன்.

"கிடைச்சிட்டா சரி மேடம். அப்போ யோசிக்கலாம்."

ஜூன் 19, புதன்

பொம்மை கிடைத்துவிட்டது. சோபாவின் மெத்தை இடுக்கில். மத்தியானம் அறையில் யாரும் இல்லாத நேரத்தில் செய்தித்தாள் படிக்கப் போயிருந்தேன். நான்கு மணிக்கு இந்திராணி அந்த இடத்தில் உட்கார்ந்தாள், முதுகில் குத்தியது, எடுத்தாள். விஷயம் இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

இந்திராணி அதை மூக்கருகே கொண்டுபோய், "ஐய, என்ன இது, பெருங்காயம் அடிக்குது" என்றாள். ரகோத்தமன் வாங்கி முகர்ந்தார். டாக்டர் முகர்ந்தார். ஒருவர் மாற்றி ஒருவர் ஒரு பொம்மையை முகர்ந்துகொண்டிருப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"கிச்சன் வாசனை. பாத்திரம் கழுவற எடத்துல ஒளிச்சு வெச்சிருக்கா. புகார்னதும் பயந்து போய்க் கொண்டுவந்து போட்டுட்டா. இப்போ சந்தேகமே இல்லை" என்றார் ரகோத்தமன். அங்கேயே செல்போனில் புகாரை எழுதி அனுப்பினார். அனுப்பும் முன் எங்களுக்குப் படித்துக் காட்டினார். நான்கு வரியில் மூன்று பிழை.

சனிக்கிழமை அவளுக்குக் கடைசி நாள்.

பொம்மையை நடுவில் வைத்து ஆடினார்கள். எனக்குத் தலைவலி என்று சொல்லி எழுந்து வந்தேன். உண்மையிலேயே தலைவலிதான்.

ஜூன் 20, வியாழன்

ஐந்து முறை கை கழுவினேன். வாசனை போகவில்லை. ரசத்தில் பெருங்காயம் போடவில்லை. சாப்பிடவும் இல்லை.

ஜூன் 21, வெள்ளி

காலை பத்து மணிக்கு மயிலாத்தாள் வந்தாள். வேலை முடித்து ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி நின்றாள்.

"நாளையோட கடைசீங்கம்மா. சொல்லிட்டுப் போலாமுன்னு."

"வேற வேலை பாத்துட்டியா?"

"பாக்கோணுமுங். வயசாயிருச்சுன்னு சொல்றாங்க. கட்டடத்துல கொளுத்து வேல இனி ஆவாதுங்." அலமாரியைப் பார்த்தாள். பிறகு, "பெருங்காயம் தட்டி வெச்சிட்டுப் போவட்டுங்களா? நாளைக்கு ஆரு தட்டுவாங்க" என்றாள்.

நான் வாங்குவது கட்டிப் பெருங்காயம். கல் போல இருக்கும். நான்கு வருடமாக மாதம் ஒரு தடவை அவள்தான் அம்மிக் குழவியால் தட்டித் தருகிறாள். தட்டிய பிறகு இரண்டு நாளைக்கு அவள் கையில் அந்த வாசனை இருக்கும்.

"வேண்டாம்" என்றேன்.

"மெஸ்ஸுல தூளுங்கம்மா. பிளாஸ்டிக் டப்பாவுல வர்றது. அது இப்புடி நாறாதுங். கட்டி இந்த ஊட்டுல மட்டுந்தானுங்."

குரலை உயர்த்தவில்லை. குற்றம் சாட்டுகிற முகமும் இல்லை. விலாசம் சொல்வது போலச் சொன்னாள்.

"எப்போ தெரியும் உனக்கு?"

"போன வெள்ளிக்கெழமையே தெரியுமுங். அலமாரியில கொத்தமல்லி வெக்கச் சொன்னீங்களே, அன்னிக்கு. ரப்பர் பேண்ட் புதுசா இருந்துச்சு. டப்பாவ ஆட்டுனா கல்லு சத்தம் வரும். அன்னிக்கு வேற சத்தம் வந்துச்சுங். தொறந்து பாத்தன். அப்புறம் தொடவேயில்லீங். தொட்டா எம்மேல வந்துருமுங்களே."

"தெரிஞ்சும் ஏன் சொல்லலை?"

"ஆருகிட்டச் சொல்றதுங்? உங்க கையெழுத்து இருக்குதுங்களே."

பிறகு வாசலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீங்களே சொல்லிருவீங்கன்னு பாத்தனுங். திங்கக்கெழம கூப்புட்டீங்க, அதுக்குத்தான்னு வந்தன். தூசியக் காட்டுனீங்க. செரி, போறனுங்கம்மா."

அவள் போய்விட்டாள். இந்த நோட்டை இப்போது முன்னாலிருந்து படித்துப் பார்த்தேன். பதிமூன்றாம் தேதியில் 'எண்ணினேன், சரி' என்று கையெழுத்திட்டதை எழுதியிருக்கிறேன். ரப்பர் பேண்ட் போட்டதை எழுதியிருக்கிறேன். நடுவில் செய்ததை எழுதவில்லை. பத்தொன்பதாம் தேதியில் செய்தித்தாள் படிக்கப் போனேனாம். அன்று காலையிலேயே மூன்று பத்திரிகையையும் படித்து முடித்திருந்தேன். எனக்கு மட்டுமான நோட்டில்கூடப் பொய். காது சிவந்ததா என்று பார்க்க இங்கே யாருமில்லை.

நான்தான் எடுத்தேன். முதலில் தாளில் கையெழுத்திட்டேன், அதன் பிறகு பொம்மையைக் கைப்பைக்குள் போட்டேன். அந்த வரிசையில் செய்தால் கையெழுத்து பொய்யாகாது என்று கணக்குப் போட்டேன். சிஸ்டர் பிலிப்பாவிடம் பத்து வருடம் படித்தது இதற்குத்தான் உதவியது.

ஜூன் 22, சனி

மத்தியானம் மூன்று மணிக்கே ரகோத்தமன் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. சொன்னேன்.

முதலில் சிரித்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

"மேடம், இதை இத்தோட விட்டுடலாம். சாமான் கிடைச்சாச்சு. ஏஜென்சிக்காரன் வேற ஆள் அனுப்பறேன்னுட்டான். யாருக்குத் தெரியப் போறது? உங்க மரியாதைன்னு ஒண்ணு இருக்கு."

"மயிலாத்தாளுக்கு?"

"அவளுக்கு இல்லாத எடமா? இவாளுக்கெல்லாம் இது பழக்கம் மேடம். ரெண்டு நாள்ல மறந்துடுவா."

அவர் சொன்ன ஒவ்வொன்றும் இந்தப் பத்து நாளில் நான் எனக்குச் சொல்லிக்கொண்டதுதான். இன்னொருவர் வாயிலிருந்து, மூக்குறிஞ்சலோடு வந்தபோது கேட்க முடியவில்லை.

"புகாரை வாபஸ் வாங்கி இப்பவே எழுதுங்க. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. பிழை இல்லாம எழுதணும்" என்றேன்.

"எழுதினா காரணம் கேப்பான் மேடம்."

"காரணம் என் பேர்."

எழுதினார். அனுப்புவதை நின்று பார்த்தேன். பிறகு என் வீட்டுக்கு வந்து, மை பேனாவால் ஒரு தாள் எழுதிக் கீழே அறிவிப்புப் பலகையில் குத்தினேன்.

'ஜூன் 13 அன்று மாலை பொது அறையிலிருந்து சுங்க அதிகாரிப் பொம்மையை எடுத்தது நான். எல்லாம் சரி என்று கையெழுத்திட்டதும் நான். அதைச் சோபாவில் திரும்ப வைத்ததும் நான். மயிலாத்தாள் எதையும் எடுக்கவில்லை. அவர் மேல் பழி விழுந்தபோது நான் அங்கே இருந்தேன், பேசவில்லை. ஹில்டா ஞானப்பிரகாசம், வீடு எண் 7.'

நான்கு மணிக்குப் போனேன். மூன்று பேரும் மேசையில் இருந்தார்கள். பெட்டியைத் திறக்கவில்லை.

"ஏன்க்கா?" என்றாள் இந்திராணி. "வேண்டாம்னு சொல்லியிருந்தா நாங்க பழசையே ஆடியிருப்போமே."

அது உண்மையில்லை. அவளும் அது தெரிந்துதான் சொன்னாள். நான் டாக்டரைப் பார்த்தேன். "என் வீட்டுக்காரர் ஒரு பெட்டியும் கொண்டுவந்ததில்லை, டாக்டர். வாடகை வீட்டிலேயே இருந்து செத்தார்."

டாக்டர் பொன்னுசாமி மேசையைத் தடவினார். "வாய் எனக்குக் கொஞ்சம் நீளமுங்க. மாட்டோட பேசிப் பழகினது" என்றார். பிறகு, அவரால் முடியாது, கிண்டல் வந்துவிட்டது. "போகுதுங்க. கேக்கறதுக்கு முன்னால நீங்களே தொறந்துட்டீங்க. விதிப்படி துறைமுகம் தப்பிச்சுது."

"இல்லை டாக்டர். கேட்டாகிவிட்டது. நேற்று காலையிலேயே."

ஜூன் 23, ஞாயிறு

அறிவிப்பை யாரோ படம் எடுத்துக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்கள். கோணலாக எடுத்திருக்கிறார்கள். கையெழுத்துப் பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. காலை உணவுக்கு என் மேசையில் யாரும் உட்காரவில்லை.

பாவசங்கீர்த்தன வரிசையில் எனக்கு முன்னால் ஒன்பது பேர். நின்றேன்.

ஜூன் 24, திங்கள்

மயிலாத்தாள் வேலைக்கு வந்துவிட்டாள். பொது அறைச் சாவியை ரகோத்தமன் அவள் கையில் கொடுத்ததை மாடியிலிருந்து பார்த்தேன். அவர் ஏதோ சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

பத்து மணிக்கு என் கதவைத் தட்டியது வேறு ஒருத்தி. இளவயது. ஏழாம் நம்பர் வீட்டுக்கு வேறு ஆளைப் போடுங்கள் என்று மயிலாத்தாள் கேட்டுக்கொண்டாளாம். அது ஒன்றைத்தான் கேட்டாளாம்.

கீழே இறங்கிப் போனேன். நடைபாதையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மயிலாத்தா, நான் உன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

"பலகையில போட்டிருக்குதுன்னு படிச்சுச் சொன்னாங்க. 'அவர்'னு போட்டிருக்குதாமுங்." ஈரத் துணியைப் பிழிந்தாள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா. வழுக்குமுங்."

தள்ளி நின்றேன். அவள் துடைத்துக்கொண்டே அடுத்த வீட்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

ஜூன் 25, செவ்வாய்

ஆடக் கூப்பிட்டார்கள். போனேன். இந்திராணிக்குப் பன், டீ, அதே விரல்கள். ஈயப் பொம்மையில் வாசனை இன்னும் இருக்கிறது.

என் பெட்டியில் மிளகு இருந்தது. "மிளகு" என்றேன். இந்திராணி அதிகாரி. என் காதைப் பார்த்தாள். என் காது என்ன செய்ததோ தெரியாது. "திறங்கக்கா" என்றாள். திறந்தேன். மிளகுதான். அடுத்த சுற்றில் ரகோத்தமனும் திறக்கச் சொன்னார். அதிலும் சொன்னதுதான் இருந்தது. நான் அதிகாரியாக இல்லாத ஆறு சுற்றிலும் திறந்தேன். தவறாகத் திறக்கச் சொன்னதற்கெல்லாம் அவர்கள்தான் சரக்கு தர வேண்டும், அது விதி. அதனால் இரண்டாம் இடம் வந்தேன். அப்படிக் கிடைத்த இடம் எனக்குப் பிடிக்கவில்லை.

காய்களை இந்திராணி எண்ணினாள், டாக்டர் சரிபார்த்தார். தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். இந்திராணி ஒரு காயை விட்டுவிட்டு எண்ணினாள். எனக்குத் தெரிந்தது. சொல்லவில்லை. மறுபடி எண்ணி அவளே கண்டுபிடித்தாள்.

வீட்டுக்கு வந்து சமையலறை அலமாரியை நானே துடைத்தேன். புதுப் பெண் எல்லா டப்பாவுக்கும் அடியில் துடைத்திருக்கிறாள், பெருங்காய டப்பாவையும் எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறாள். தூசி வளையம் போய்விட்டது. அம்மிக் குழவியை எடுத்துக் கட்டியைத் தட்டிப் பார்த்தேன். உடையவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் தட்டினேன். ஒரு மூலை மட்டும் பெயர்ந்தது. ஒரு வாரத்துக்குப் போதும்.